பிளஸ் டூ, பட்டாளம், பென்ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1981-ல் பிளஸ் டூ முடித்த கையோடு மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தேன். 24 வருட சர்வீஸ் முடித்து 2005-ல் ஹவில்தாராக வெளியே வந்தேன். அப்புறம் ஒரு வங்கியில் ஆயுதக் காவலர் வேலை. 2023-ல் 60 வயதானதும் அதிலிருந்தும் ஓய்வு. வேலூர் பக்கத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத ஊரே கிடையாது. அதனால் என்னிடம் கேட்பவர்களும் பல ரகம். காலையில் மைதானத்தில் ஓடிப் பழகும் பையன்கள், பென்ஷன் வந்த புதிதில் என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள், அவர்களுடைய வீட்டுப் பெண்கள். எல்லோர் கேள்வியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். பட்டாளத்தில் எப்படிச் சேருவது என்று யோசிக்கிற அளவுக்கு, அது முடிந்த பிறகு எப்படி வாழ்வது என்று நம் ஆட்கள் யோசிப்பதில்லை. நான் சொல்ல நினைப்பது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

காலேஜ் போகாமல் ஏன் பட்டாளத்துக்குப் போனீர்கள்?

வீட்டில் பணம் இல்லை, அதுதான் முதல் காரணம். மானாவாரி நிலம், மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கடன். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். தெருவில் லீவுக்கு வந்த ஓர் அண்ணன் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பெட்டியில் வெள்ளை பெயின்டில் அவருடைய நம்பர், ரேங்க், பெயர் எழுதியிருக்கும். மாதா மாதம் அவர் வீட்டுக்கு மணியார்டர் வரும். அதைப் பார்த்துத்தான் ஆசை வந்தது. நாட்டுப்பற்று அப்போது பெரிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அது உள்ளே போன பிறகு, கூட இருப்பவனுக்காக நாம் நிற்கிறோம், நமக்காக அவன் நிற்கிறான் என்று தெரிந்த பிறகு வளர்ந்தது.

வெலிங்டனில் பயிற்சி எப்படி இருந்தது?

எங்கள் ரெஜிமென்டின் பயிற்சி மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஏறி வெலிங்டன் ஸ்டேஷனில் இறங்கினால் குளிர்தான் முதலில் பிடிக்கும். 6,000 அடி உயரம். வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு விடியற்காலை பச்சைத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். மதராஸ் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் 1758-ல் உருவானது. இந்தியத் தரைப்படையின் காலாட்படைகளில் மூத்தது இதுதான். இந்தச் சரித்திரத்தையெல்லாம் உஸ்தாத் முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார். உஸ்தாத் என்றால் பயிற்சி கொடுப்பவர். நாள் முழுக்க அவர் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்.

விடியும் முன்னே பி.டி., அப்புறம் டிரில், ஃபயரிங், சாயங்காலம் விளையாட்டு, ராத்திரி ரோல்கால். பூட்ஸ் பளபளப்பு, படுக்கை மடிப்பு, முடி வெட்டு எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிப்பார்கள். முதல் மாதம் ஓடிப்போய்விடலாமா என்று நினைக்காத ஆள் யாரும் இல்லை. கசம் பரேட் அன்று, அதாவது சத்தியப் பிரமாணம் எடுக்கும் அணிவகுப்பு நாளில், "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று நூற்றுக்கணக்கான பேர் ஒரே குரலில் எழுப்பும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்ட பிறகு யாருக்கும் ஓடிப்போகும் நினைப்பு இருக்காது.

இந்தி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். எங்கள் ரெஜிமென்டில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள்தான் அதிகம். ஆர்டர் எல்லாம் இந்தியில் வரும். ஆறு மாதத்தில் காது பழகிவிடும், ஒரு வருடத்தில் வாய் பழகிவிடும். மற்ற ரெஜிமென்ட்காரர்கள் எங்களை "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சாப்காரரும் கர்வால்காரரும் அந்த ஒரு சொல்லைச் சுத்தமாகச் சொல்வார்கள். மொழிக்குப் பயந்து பட்டாளத்தை விடாதீர்கள்.

சியாச்சின் போயிருக்கிறீர்களா?

90-களில் போனேன். 1984 ஏப்ரலில் இந்தியப் படை அங்கே ஏறியதிலிருந்து ஒரு நாள்கூட அந்தப் பனிமலையில் ஆள் இல்லாமல் இருந்ததில்லை. பட்டாலியன்கள் மாறி மாறிப் போகும். போஸ்டில் மூன்று மாதம் போல இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு வரிசையாக நடப்போம். முன்னால் போகிறவன் பனிப் பிளவில் விழுந்தால் பின்னால் வருகிறவன்தான் தாங்க வேண்டும். குடிக்கிற தண்ணீர் பனியை உருக்கி எடுப்பது. நாள் முழுக்க மண்ணெண்ணெய் அடுப்பு எரிவதால் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். ஆரஞ்சுப் பழம் கல் மாதிரி உறைந்திருக்கும். கையுறை இல்லாமல் துப்பாக்கியின் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பசி எடுக்காது, தூக்கம் வராது, பேசினாலே மூச்சு வாங்கும்.

2016 பிப்ரவரி 3 அன்று சோனம் போஸ்டில் பனிச்சரிவு விழுந்து 19 மதராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்துபோனார்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு எடுக்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11-ல் டெல்லி மருத்துவமனையில் இறந்துபோனார். அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் எங்கள் வேலூர் மாவட்டம். அந்த வாரம் டிவி முன்னாலிருந்து நான் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு நாளில் நாடு வேறு செய்திக்குப் போய்விட்டது. அந்தக் குடும்பங்களுக்கு வேறு செய்தி கிடையாது.

இலங்கைக்குப் போனீர்களா?

போனேன். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு அமைதிப்படை என்ற பெயரில் போனோம். அக்டோபரில் சண்டை ஆரம்பித்துவிட்டது. 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படைப்பிரிவு திரிகோணமலையிலிருந்து கப்பல் ஏறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். அங்கிருந்த பொதுமக்கள் பட்டதும் சின்ன வேதனை இல்லை. அதைச் சொல்லாமல் எங்கள் இழப்பை மட்டும் சொல்வது சரியாக இருக்காது.

தமிழ் பேசுகிற சிப்பாய் என்பதால் என்னைச் செக்போஸ்டில் காவலுக்கு நிறுத்துவார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் பையைத் திறந்து காட்டிக்கொண்டே, "தம்பி, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார். வேலூர் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "அம்மா அப்பா இருக்கினமோ?" என்றார். இருக்கிறார்கள் என்றேன். பையை மூடிக்கொண்டு போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊருக்குத் திரும்பியபோது இரண்டு விதமாகவும் பேசினார்கள். பாராட்டியவர்களுக்கும் ஏசியவர்களுக்கும் நான் பதில் சொல்லவில்லை. சிப்பாய் போகச் சொன்ன இடத்துக்குப் போகிறவன். ஆனால் பார்த்தது கண்ணை விட்டுப் போவதில்லை.

குடும்பத்தை விட்டு இருப்பது எப்படி முடிந்தது?

இதற்கு என் மனைவிதான் பதில் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆனதும் லீவு முடிந்து கிளம்பிவிட்டேன். வருடத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு என்று கணக்கு. எல்லைப் பகுதியில் இருந்தால் அதுவும் நினைத்த நேரத்தில் கிடைக்காது. ஹிம்சாகர், அந்தமான் எக்ஸ்பிரஸ் எல்லாம் எங்களுக்குச் சொந்த ஊர் பஸ் மாதிரி. ஜம்முவிலிருந்து காட்பாடி வந்து சேரவே லீவில் இரண்டு, மூன்று நாள் போய்விடும்.

எனக்கு எழுதும் கடிதத்தில் நான் இருக்கும் ஊரின் பெயர் இருக்காது. நம்பர், ரேங்க், பெயர், யூனிட், அதற்குக் கீழே "56 ஏ.பி.ஓ.", அதாவது ராணுவத் தபால் ஆபீஸ். அவ்வளவுதான். கிழக்குப் பக்கம் போனால் 99 ஏ.பி.ஓ. நான் மலை மேல் இருக்கிறேனா, பாலைவனத்தில் இருக்கிறேனா என்று என் அம்மாவுக்குத் தெரியாது. கடிதம் மட்டும் தவறாமல் வந்து சேரும். இரண்டாவது குழந்தை பிறந்த செய்தி எனக்கு இன்லேண்ட் லெட்டரில்தான் வந்தது. பீஸ் ஸ்டேஷனில், அதாவது எல்லையை விட்டு உள்ளே இருக்கும் முகாமில், குவார்ட்டர்ஸ் கிடைத்தால் குடும்பத்தைக் கூட்டிப் போகலாம். எனக்கு அப்படிக் கிடைத்தது கொஞ்ச காலம்தான். வீடு கட்டியது, தங்கைகள் கல்யாணத்துக்கு அலைந்தது, என் அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தது எல்லாம் என் மனைவி. பட்டாளத்துக்காரன் மார்பில் மெடல் குத்துகிறார்கள். பாதி அவளுக்குச் சேர வேண்டியது.

நல்ல உடம்போடு இருக்கும்போதே ஏன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்?

காலாட்படைக்கு இளம் உடம்பு வேண்டும் என்பதுதான் காரணம். ஒவ்வொரு ரேங்குக்கும் இத்தனை வருட சர்வீஸ், இத்தனை வயது என்று வரம்பு இருக்கிறது. ரேங்க் ஏற ஏற வருடமும் ஏறும். பென்ஷனுக்குக் குறைந்தது 15 வருடம் முடித்திருக்க வேண்டும். ஆக, 2022-ல் அக்னிவீர் திட்டம் வருவதற்கு முன் பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தவன் சிப்பாயாகவோ நாயக்காகவோ இருந்தால் நாற்பதை ஒட்டி வீட்டுக்கு வந்துவிடுவான். கூடப் படித்தவர்கள் அப்போதுதான் ஹெட்மாஸ்டராகவோ சூப்பரின்டென்டாகவோ ஆகிக்கொண்டிருப்பார்கள். நமக்கோ பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், வீட்டுக்கடன் பாதியில். இதை 18 வயதிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சர்வீஸில் இருக்கும்போதே ஒரு டிகிரியோ, டிரைவிங்கோ, எலக்ட்ரீஷியன் வேலையோ கையில் இருக்கட்டும். கடைசிக் காலத்தில் மறுவாழ்வுப் பயிற்சி கொடுப்பார்கள். பலர் அதை லீவு மாதிரி நினைத்து வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது.

வெளியே வந்த முதல் வருடம் எப்படி இருக்கும்?

கஷ்டமாக இருக்கும். சண்டைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், சும்மா இருப்பதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து ஷேவ் செய்து, பூட்ஸைத் துடைத்து வைத்துவிட்டு, போக இடம் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். வாசலில் செருப்புகள் நேர்வரிசையில் இல்லையென்றால் கோபம் வரும். சாப்பாடு ஐந்து நிமிடம் தாமதமானால் கோபம் வரும். என் பெண் அப்போது ஒன்பதாவது படித்தாள். அவள் சமையலறையில் அம்மாவிடம் மெதுவாக, "அப்பா எப்போம்மா திரும்பப் போவாரு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவள்மேல் தப்பு இல்லை. லீவுக்கு வருகிற அப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும்.

நான் இல்லாமலே ஓடப் பழகிய வீடு அது. நான் அதில் மெதுவாகத்தான் நுழைய முடிந்தது. ரேஷன் வாங்குவது, பெண்ணை டியூஷனுக்குச் சைக்கிளில் கூட்டிப் போவது என்று ஆரம்பித்தேன். புதிதாகப் பென்ஷன் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் ஆறு மாதம் வீட்டில் எதையும் மாற்ற வேண்டாம், பாருங்கள், கேளுங்கள். அப்புறம் பணம். கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன், குரூப் இன்சூரன்ஸ், பி.எஃப். எல்லாம் ஒரே நேரத்தில் வரும். அது வருவதற்கு முன்னாலேயே பிளாட் விற்பவர், வட்டிக்குக் கேட்பவர், சீட்டு நடத்துபவர், பங்காளி எல்லோரும் வந்துவிடுவார்கள். ஒரு வருடத்துக்கு வங்கியிலோ தபால் ஆபீசிலோ போட்டுவிட்டு, பணம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

என்ன வேலை கிடைக்கும்?

மத்திய அரசின் சி பிரிவு வேலைகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீத இடம் உண்டு. பொதுத்துறை வங்கிகளில் சி பிரிவில் 14.5 சதவீதம். வயது கணக்குப் பார்க்கும்போது சர்வீஸ் வருடங்களைக் கழித்து, அதற்கு மேல் இன்னும் 3 வருடம் கழிப்பார்கள். பத்தாவது படித்து 15 வருடம் சர்வீஸ் இருந்தால், டிகிரி கேட்கிற சில சி பிரிவு வேலைகளுக்கும் விண்ணப்பிக்கலாம். இந்தச் சலுகை பொதுவாக ஒரு முறைதான், அதனால் யோசித்து எடுங்கள்.

மறுபடியும் சீருடை போட விரும்புகிறவர்கள் டி.எஸ்.சி.யில், அதாவது ராணுவ இடங்களைக் காவல் காக்கும் பாதுகாப்புப் படையில், சேரலாம். அதன் சென்டர் கண்ணூரில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ 1986-லிருந்து முன்னாள் படைவீரர்களுக்குக் காவலர் வேலை கொடுக்கிறது. எதற்கும் முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். என் வங்கி வேலை அங்கே பதிவு செய்ததால்தான் கிடைத்தது. பதிவைப் புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

காவலர் வேலையைக் குறைவாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைத்ததில்லை. கிளைக்கு வரும் முதியோர் பென்ஷன் பாட்டிகளுக்குச் செலான் எழுதிக் கொடுப்பேன். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு அவர்கள் பழகினார்கள். ஊரோடு நான் மறுபடி ஒட்டிக்கொண்டது அந்த வாசலில்தான்.

கம்யூட்டேஷன், ஓ.ஆர்.ஓ.பி. என்கிறார்களே, சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது கம்யூட்டேஷன். இப்போது பாதி வரை வாங்கலாம். வாங்கிய பகுதி மாதப் பென்ஷனில் பிடிபடும். 15 வருடம் முடிந்ததும் முழுப் பென்ஷன் திரும்பக் கிடைக்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, அந்த மாதம் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே ரேங்க், ஒரே அளவு சர்வீஸ் என்றால் எந்த வருடம் ஓய்வு பெற்றாலும் ஒரே பென்ஷன் என்பதுதான் ஓ.ஆர்.ஓ.பி. 2015-ல் ஜந்தர் மந்தரில் நம் ஆட்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். அந்த நவம்பரில் ஆணை வந்தது. 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை திருத்தம். பழைய ஹவில்தாருக்கும் புதிய ஹவில்தாருக்கும் ஒரே மலைதான், ஒரே குளிர்தான். அந்தப் போராட்டம் நியாயமானது.

இ.சி.எச்.எஸ்., கேன்டீன் எல்லாம் உபயோகமா?

2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இல்லாவிட்டால் என் அம்மாவின் வைத்தியத்துக்கு நிலத்தை விற்றிருப்பேன். சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு. பாலிகிளினிக்கில் காட்டி, அவர்கள் பரிந்துரைத்தால் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குப் போகலாம். கூட்டம் இருக்கும், சில மருந்து இருக்காது, பொறுமை வேண்டும்.

கேன்டீனில் மளிகையும் சோப்பும் விலை குறைவு. மது பாட்டிலுக்குக் கோட்டாவும் உண்டு. அதை வெளியே விற்பது குற்றம். அந்தக் கார்டைச் சுற்றி ஒரு நண்பர் கூட்டம் சேரும், அவர்களை நம்பாதீர்கள். பனிமலையில் பிழைத்து வந்து, ஊரில் குடியால் போனவர்களை நான் தூக்கியிருக்கிறேன்.

இப்போது அக்னிவீரராகச் சேரலாமா?

2022 ஜூன் 14-ல் அறிவித்த திட்டம் இது. நான்கு வருடம் சர்வீஸ். அதில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம் ஆவார்கள். மற்றவர்கள் சேவா நிதியாக 11.71 லட்சம் ரூபாய் போல வாங்கிக்கொண்டு வர வேண்டும். அவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. முதலில் ஆன்லைன் தேர்வு, அதில் தேறினால் ஓட்டம். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண்.

எனக்கு இந்தத் திட்டத்தில் மனம் ஒப்பவில்லை. கூட இருப்பவனை நம்பக் கற்றுக்கொள்ளவே சில வருடம் ஆகும், அதற்குள் வெளியே வந்துவிடுகிறார்கள். ஆனாலும் ஓடிப் பழகுகிற பையனிடம் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. போகிறவன் 22 வயதில் திரும்பி வந்தால் என்ன செய்வேன் என்று எழுதி வைத்துக்கொண்டு போகட்டும். துணை ராணுவப் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 10 சதவீத இடம் என்று 2022-ல் அறிவித்தார்கள். அதற்கும் தயாராக வேண்டும். அந்தப் பணத்தில் பைக் வாங்கக் கூடாது, படிக்க வேண்டும்.

எனக்குப் பிறகு என் மனைவிக்கு என்ன கிடைக்கும்?

ஆண்கள் அதிகம் கேட்காத கேள்வி, பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வு பெற்றவர் இறந்தால், 7 வருடம் அல்லது அவருக்கு 67 வயது நிறைந்திருக்கும் நாள், எது முந்தி வருகிறதோ அதுவரை, 50 சதவீதம். ஆனால் அந்தப் பணம் கைக்கு வர பேப்பர் சரியாக இருக்க வேண்டும். கல்யாணத்தையும் குழந்தை பிறப்பையும் யூனிட்டில் சொல்லி பார்ட் டூ ஆர்டர், அதாவது சர்வீஸ் ரெக்கார்டில் ஏற்றும் ஆணை, போட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒரு விதவைக்கு பி.பி.ஓ. என்ற பென்ஷன் ஆணையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சர்வீஸில் எழுதிக் கொடுத்திருந்தார் அவருடைய கணவர். ஓர் எழுத்து இரண்டு எழுத்து இல்லை, பெயரே வேறு. பிரமாணப் பத்திரம், தாசில்தார் ஆபீஸ், ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம் என்று அலைந்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் நகையெல்லாம் அடகுக்குப் போய்விட்டது.

ஆகவே இந்த வாரமே பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் புக், இரண்டு பேரின் ஆதார், கல்யாணப் பதிவு, பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்துப் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே திருத்துவது சுலபம். பென்ஷன் கணக்கு மனைவியோடு கூட்டுக் கணக்காக இருக்கட்டும். ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தின் லாகின், பாஸ்வேர்டு, வருடா வருடம் உயிர்ச்சான்று கொடுக்கிற விதம், மாவட்ட அலுவலகத்தின் வழி எல்லாம் அவருக்கும் தெரியட்டும். ஒரு தடவை அவரையே கூட்டிப் போய், வரிசையில் அவரையே நிற்க விட்டு, அவர் கையாலேயே மனுவைக் கொடுக்கச் சொல்லுங்கள்.